கடைசிப் பெஞ்சும் ஐம்பத்தாறு பதவிகளும்

அந்தத் தகரப் பெட்டி மலையிலிருந்து இறங்கிய நாள்வரை தவசிக்கும் அவருடைய சகலை மாசிலாமணிக்கும் இடையே ஊரார் கண்டுபிடிக்கும்படியான வித்தியாசம் எதுவும் இருந்ததில்லை. அக்காளையும் தங்கையையும் கட்டியவர்கள். போடிநாயக்கனூர் ஆலயத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரே பாமாலைப் புத்தகத்தை ஆளுக்கொரு ஓரமாகப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு சுருதியில் பாடினார்கள். பிரசங்கம் தொடங்கியதும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள். மாசிலாமணிக்கு எஸ்டேட்டில் ஜீப்பு ஓட்டும் வேலை. தவசிக்கு ஏலக்காய்க் கடையில் சல்லடை போட்டுத் தரம் பிரிக்கும் வேலை. ஒருவர் மேல் பெட்ரோல் வாடை, ஒருவர் மேல் ஏலக்காய் வாடை. அவ்வளவுதான்.

பெட்டி வந்தது 1977ஆம் வருஷம், மழைக்கு முன்னால். மலைமேல் வெள்ளைக்கார மானேஜர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட கல் கோயில் ஒன்று இருந்தது. மானேஜர்கள் கப்பலேறினார்கள், கூரை காற்றில் ஏறியது, மிச்சமிருந்த சாமான்களைப் பெட்டியில் போட்டு, போடி ஆலயத்துக்கு அனுப்பிவைத்தார்கள். மாசிலாமணிதான் ஜீப்பில் இறக்கிக்கொண்டு வந்தார். உள்ளே பூச்சி அரித்த கறுப்பு அங்கிகள் ஐந்து, தலையில் பித்தளைக் கிரீடம் வைத்த கோல் ஒன்று, பித்தளையில் பேராயர் குல்லா வைத்த கோல் ஒன்று, தடித்த இங்கிலீஷ் புத்தகம் ஒன்று. ஒரு கோயிலில் இருக்கும் ஒவ்வொரு சாமானுக்கும், ஒவ்வொரு மூலைக்கும், ஒவ்வொரு ஆளுக்கும் சரியான பெயர் என்ன என்பதைச் சொல்லும் புத்தகம் அது.

ஆயர் வேதமாணிக்கம் இந்தச் சேகரத்துச் சபைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. புத்தகத்தை ஒரு வாரம் படித்தார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கபீடத்தில் ஏறி, கனத்த குரலில் சொன்னார்: "பிரியமானவர்களே, இத்தனை காலமும் நீங்கள் பெயர் தெரியாத இடத்தில் உட்கார்ந்து ஆராதித்து வந்திருக்கிறீர்கள். கர்த்தர் பொறுத்துக்கொண்டார். நான் பொறுப்பதற்கில்லை."

அன்றிலிருந்து செருப்புப் போடும் இடம் நார்த்தெக்ஸ் ஆயிற்று. பெஞ்சுகள் கிடந்த இடம் நேவ். ஆயர் நிற்கும் ஒரு சாண் உயர மேடை சான்சல். விளக்குமாறும் மண்ணெண்ணெய் டின்னும் கிறிஸ்மஸ் நட்சத்திரமும் கிடந்த பின்னறை, வெஸ்ட்ரி. விளக்குமாறு அதன்பிறகும் அங்கேதான் கிடந்தது. ஆனால் அதை எடுக்கப் போகிறவர் சட்டைப் பொத்தானை மாட்டிக்கொண்டு போனார்.

மூலைகளுக்குப் பெயர் வைத்து முடிந்ததும் ஆயர் ஆட்களுக்கு வந்தார். கோல்கள் இரண்டு, ஆகவே வார்டன்கள் இரண்டு பேர். கிரீடக் கோல், கமிட்டி செயலாளரான ஓய்வுபெற்ற வாத்தியார் ஞானாபரணத்துக்குப் போயிற்று. வலது பக்கத்துப் பெஞ்சுகள் அவர் பொறுப்பு. குல்லாக் கோலை யாருக்குக் கொடுப்பது என்று ஆயர் கண்ணை மூடி ஜெபித்தார். திறந்தபோது, பெட்டியை இறக்கிய மாசிலாமணி நேர் எதிரே நின்றார். நிற்கும்படியாகப் பார்த்துக்கொண்டார் என்று தவசி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். இடது பக்கத்துப் பெஞ்சுகள் மாசிலாமணியின் பொறுப்பாயின. தவசியின் பெஞ்சு இடது பக்கம்.

அடுத்த ஞாயிறு பிரசங்கம் தொடங்கியதும் தவசி பழக்கப்படி கண்ணை மூடிச் சாய்ந்தார். தோள் இல்லை. பெஞ்சில் விழுந்து எழுவதற்குள் முழங்காலில் பித்தளை இடித்தது. நிமிர்ந்து பார்த்தால் மாசிலாமணி, கறுப்பு அங்கியில், கோலோடு.

"தூங்கக் கூடாது தம்பி," என்றார் அவர். பெஞ்சு பெஞ்சாகக் கேட்கும்படி சொன்னார்.

வீட்டில் அதைவிட மோசம். தவசியின் மனைவி கருத்தம்மாள் அக்காள் வீட்டுக்குப் போய்விட்டு வந்து, கேட்காமலே சொன்னாள்.

"அந்தக் கம்புக்குன்னே சுவத்துல ரெண்டு ஆணி அடிச்சிருக்காக. அக்கா மஞ்சத் துணியில உறை தச்சு மாட்டிருக்கு. மச்சான் புளி போட்டுத் தேய்க்கிறாரு, பித்தளையில நம்ம மூஞ்சி தெரியுது."

"கம்பத் தேய்க்கிற நேரத்துல அந்த ஜீப்பத் தேய்ச்சா ஸ்டார்ட்டாவது ஆகும்."

"நீங்க எதத் தேய்ச்சீக? இருவது வருசமாப் பெஞ்சத்தான் தேய்ச்சீக."

தவசி கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். அந்தக் கோல் தன் கைக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒரு நொடி நினைத்தார். பிறகு அந்த நினைப்பை விட அவரால் முடியவில்லை.

ஏலக்காய்க் கடையில் மூட்டை இழுக்க நீளக் கம்பு ஒன்று இருந்தது. இரண்டு நாள் கழித்து, அதைச் செங்குத்தாகப் பிடித்துக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே தவசி மெதுவாக நடந்ததை, கூட வேலை பார்க்கும் ராக்கு பார்த்துவிட்டாள்.

"என்னண்ணே, பாம்பா?"

"ஒண்ணுமில்ல, வேலையப் பாரு."

ராக்கு விடுகிற ஆள் இல்லை. விஷயத்தைக் கறந்துவிட்டாள். தவசிக்கும் சொல்ல ஆள் வேண்டியிருந்தது. முன்னால் கிடந்த முறத்தைக் காட்டிச் சொன்னார்: "இந்தா பாரு, பெருசு ஒரு தரம், நடுத்தரம், பொடிசு. வெடிச்சுப் போனதுக்குக்கூட ஒரு பேரு வச்சு, ஒரு சாக்குல கட்டி ஏலத்துக்கு அனுப்புறோம். எங்க கோயில்ல நான் அந்த வெடிச்ச காய்க்கும் கீழ போயிட்டேன்."

"அப்ப நீங்களும் ஒரு பதவி கேளுங்க."

கேட்பதற்கு வழி இருந்தது. வார்டன்களைப் பார்த்து வெந்துகொண்டிருந்தவர் தவசி மட்டும் அல்லர். நேவ் முழுக்கவே வெந்துகொண்டிருந்தது. கமிட்டி கூடியது. செயலாளர் ஞானாபரணம் வாத்தியார் கோலைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பேசினார்.

"பொறாமை பாவம். அதை வேரோடு களைய ஒரே வழி, எல்லாருக்கும் பதவி கொடுப்பது. ஆனால் ஒரே பதவியை இரண்டு பேருக்குக் கொடுத்தால் பதவிக்கு மரியாதை போய்விடும். ஆகவே வலது ஜன்னல்களுக்கு ஒருவர், இடது ஜன்னல்களுக்கு ஒருவர். வலது ஜன்னல்காரர் பவனியில் இடது ஜன்னல்காரரைவிட அரையடி முன்னால் நடப்பார். இது பெருமைக்காக அல்ல, ஒழுங்குக்காக."

ஆயர் அதை ஆமோதித்தார். "பதவி என்பது தாழ்மை. எத்தனை பதவி உண்டோ அத்தனை தாழ்மை. நான் வந்தபோது இந்தச் சபையில் தாழ்மை என்பதே இல்லை. ஒரு செயலாளரும் மணியடிக்க ஒரு கோயில்பிள்ளையும்தான் இருந்தார்கள். வருகிற தை மாதம் பேராயர் நம் ஆலயத்துக்கு வருகிறார். பதவியில் இருக்கிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அவருக்கு அறிமுகம் செய்வேன். மற்றவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம்."

மற்றவர்கள் என்று ஒருவரும் இருக்க விரும்பவில்லை. விதி ஒன்றுதான்: விண்ணப்பத்தில் அந்தப் பக்கத்து வார்டனின் கையெழுத்து வேண்டும். வலது பக்கத்தார் வாத்தியாரிடம் ஓடினார்கள். இடது பக்கத்தார் மாசிலாமணியின் ஜீப்பைத் துரத்தினார்கள். காணிக்கைப் பை பிடிக்க நான்கு பேர், பையைப் பிடித்தவர்களைப் பார்த்துக்கொள்ள இரண்டு பேர். பாட்டு எண் பலகைக்கு ஒருவர். அந்தப் பலகையில் ஆறும் ஒன்பதும் தலைகீழாகாமல் பார்க்க ஒருவர். ஆயருக்குப் பனையோலை விசிறி வீசுபவர். ஆமென் தொடங்குபவர். நார்த்தெக்ஸ் மேற்பார்வையாளருக்குச் செருப்புகளை ஜோடி சேர்க்கும் வேலை. பெண்கள் சங்கம் கொதித்தெழுந்ததும் பூ ஜாடிக்கு இருவர், முக்காடு கவனிப்பாளர் ஒருவர், அப்பம் சுடுபவர், அப்பம் சுடுபவருக்குத் துணை. பாட்டு வராத பிள்ளைகள் முப்பது பேரும் பாடகர் குழுவில் சேர்க்கப்பட்டு அங்கி பெற்றார்கள்.

தவசியும் விண்ணப்பம் எழுதினார். ஆமென் தொடங்கும் பதவி அப்போது காலியாகத்தான் இருந்தது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சகலை வீட்டுக்குப் போனார். வாசலில் மாசிலாமணி கோலை மடியில் குழந்தைபோலக் கிடத்திப் புளி தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வா தம்பி. என்ன, எதும் சோலியா?"

"சோலியெல்லாம் இல்லண்ணே. சும்மாத்தான் வந்தேன்."

"சும்மாவா." மாசிலாமணி தேய்ப்பதை நிறுத்தினார். தவசியின் சட்டைப் பையைப் பார்த்தார். "பேனாவுல மை ஊத்தித்தான் வச்சிருக்கேன். இன்னைக்கு மட்டும் ஏழு பேரு வந்துட்டுப் போயிட்டாக."

தவசியின் கை பைக்குப் போனது. தாளின் விளிம்பைத் தொட்டது. ஒரு வார்த்தை போதும்: அண்ணே, போட்டுக் குடுங்க. இருபது வருஷம் இதே தோளில் எச்சில் ஒழுகத் தூங்கியவர் அவர். அந்தத் தோளில் இப்போது கறுப்பு அங்கி.

"மழை வரும்போல இருக்கு," என்றார் தவசி. காப்பியைக் குடித்தார். வந்துவிட்டார். அன்று மழை வரவில்லை.

மாசிலாமணியும் சும்மா இருக்கவில்லை. "வாயத் தெறந்து ஒரு வார்த்தை கேக்கட்டும், ஒடனே போட்டுருவேன்," என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். பார்ப்பவர்கள் அதைத் தவசியிடம் சொன்னார்கள். தவசியின் வாய் மேலும் இறுகியது. ஆமென் போயிற்று. அடுத்து இருமுகிறவர்களை வெளியே அனுப்பும் பதவி போயிற்று. மார்கழி முடிவதற்குள் ஆலயத்தின் ஐம்பத்தேழு பெரியவர்களில் ஐம்பத்தைந்து பேருக்குப் பதவி வந்துவிட்டது. மீதி, தவசியும் கருத்தம்மாளும்.

ஐம்பத்தாறாவது பதவி, வீட்டிலேயே வெடித்தது.

"நான் கையெழுத்து வாங்கிட்டேன்," என்றாள் கருத்தம்மாள், அடுப்பைப் பார்த்தபடி. "பேராயர் கை கழுவுற செம்புக்குப் பொறுப்பு. அக்காதான் சொல்லி வாங்கிக் குடுத்துச்சு."

தவசி கேட்டார்: "செம்பு நம்ம வீட்டுச் செம்பா?"

"ஆமா."

"அது எங்க அம்மா சீதனமாக் கொண்டாந்த செம்பு."

"செம்பு போகுது. நீங்கதான் வீட்டுல கெடக்கீக."

பதவியில் இருப்பவர் நேவில் உட்காரக் கூடாது என்று புத்தகத்தில் இருந்ததாக ஆயர் சொன்னார். ஆகவே சான்சலை நீட்ட வேண்டியதாயிற்று. தச்சர் முனியசாமி வந்து மேடையை முன்னால் இழுத்தார். இரண்டு வரிசைப் பெஞ்சுகள் வெளியே போயின. பாடகர் குழு வந்ததும் மறுபடி இழுத்தார். பெண்கள் சங்கத்துக்காக மூன்றாம் தடவை. நான்காம் தடவை இழுத்தபோது நேவில் ஒரே ஒரு பெஞ்சு மிச்சம், செருப்புகளுக்குப் பக்கத்தில். முனியசாமி உளியை இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்: "அய்யா, இன்னொருக்க நீட்டுனா நாம வெளியத்தான் போகணும். அங்கிட்டுச் சாக்கடை."

பவனி ஒத்திகை ஒரு சனிக்கிழமை மாலை நடந்தது. முன்னால் சிலுவை சுமப்பவர், பின்னால் பிள்ளைகள், ஜன்னல்கள், பைகள், ஜாடிகள், விசிறி, செம்பு, கோல்கள். சிலுவை ஆலயத்துக்குள் நுழைந்தபோது மாசிலாமணியின் கோல் இன்னும் பஸ்சு ரோட்டில் நின்றது. எந்த ஜன்னல் முன்னால் என்று நடுவில் தகராறு, பவனி நகரவில்லை. தேவாரம் ஊருக்குப் போகும் பஸ்சும் அதன் பின்னால் இரண்டு ஏலக்காய் லோடு ஜீப்புகளும் நின்றன. பஸ்சிலிருந்து ஒரு கிழவர் தலையை நீட்டி, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை பார்த்தார்.

"இம்புட்டுப் பேரு வர்றாக, சாமியக் காணமே," என்றார் கண்டக்டரிடம்.

"முன்னால போயிருக்கும் தாத்தா. தலைய உள்ள இழுங்க."

ரோட்டோரத்தில் நின்று பார்த்த தவசிக்குச் சிரிப்பு வரவில்லை. கடைசியில் தனியாக, நிமிர்ந்து, எந்த ஜன்னலுக்கும் வழிவிடாமல் நின்ற அந்தக் கறுப்பு அங்கியைத்தான் அவர் பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை கடையில் ராக்கு கேட்டாள்.

"எங்க கோயில்ல பூசாரி ஒருத்தரு, கொட்டடிக்கிறது ரெண்டு பேரு. மத்தவக கும்பிடப் போறோம். உங்க கோயில்ல கும்பிடுறது ஆருண்ணே?"

"அதுக்கு ஆளு போடல," என்றார் தவசி கடுப்போடு.

பேராயர் வந்த ஞாயிறு தவசி போவதாக இல்லை. போகாவிட்டால், மாசிலாமணி தன் வெற்றியைத் தவசியின் கண்ணெதிரே அனுபவிக்க முடியாமல் தவிப்பார் என்று தோன்றியது. போய்விட்டால் தவசி தவிக்க வேண்டும். இரண்டில் எது மேல் என்று யோசித்துக்கொண்டே சலவைச் சட்டையைப் போட்டார். கால்கள் ஆலயத்துக்குப் போய்விட்டன. மிச்சமிருந்த அந்தப் பெஞ்சில், செருப்பு வாடைக்கு நடுவே, தனியாக உட்கார்ந்தார்.

பவனி உள்ளே வந்தது. ஒவ்வொருவரும் அவரைக் கடந்து மேடை ஏறினார்கள். கருத்தம்மாள் செம்போடு கடந்தாள், பார்க்கவில்லை. மாசிலாமணி கடந்தார், பார்த்தார். நீட்டிய மேடை முனகியது. ஐம்பத்தாறு பெரியவர்களும் முப்பது பிள்ளைகளும் ஆயரும் நெருக்கியடித்து நின்றார்கள். அத்தனை பேருக்கும் முன்னால் பேராயர் நின்று, புத்தகத்தைத் திறந்து, இரண்டு கைகளையும் விரித்தார்.

"கர்த்தர் உங்களோடிருப்பாராக."

பதில் வரவில்லை.

மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லார் கையிலும் புத்தகம் இருந்தது. அதில் தெளிவாக அச்சடித்திருந்தது: சபையார் சொல்ல வேண்டியது. அந்தப் பதவியில் அங்கே ஒருவரும் இல்லை. ஆயர் ஆமென்காரரைப் பார்த்தார். அவர், இது ஆமென் இல்லையே என்பதுபோலக் கையை விரித்தார். வாத்தியார் அவசரமாகப் பதவிப் பட்டியலைப் புரட்டினார். இடது ஜன்னல்காரர் வாயைத் திறந்தார்; வலது ஜன்னல்காரர் முறைத்ததும் மூடிக்கொண்டார்.

பேராயர் மறுபடியும் சொன்னார். விரித்த கைகளை இறக்கவில்லை.

இருபது வருஷப் பழக்கம். தவசி யோசித்துச் சொல்லவில்லை. தூக்கத்தில்கூட அந்த இடத்தில் அவர் வாய் தானாகத் திறக்கும்.

"உமது ஆவியோடும் இருப்பாராக," என்றார், கதவோரத்திலிருந்து.

பேராயர் நிமிர்ந்தார். அத்தனை தலைகளுக்கும் எதிரே, வெறும் தரையின் கோடியில் ஒரு ஆள். அதன்பிறகு அவர் வேறு எங்கும் பார்க்கவில்லை. "உங்கள் இருதயங்களை உயர்த்துங்கள்" என்றார், தவசியைப் பார்த்து. "கர்த்தரிடத்தில் உயர்த்துகிறோம்," என்றார் தவசி. பிரசங்கம் முழுக்கத் தவசிக்குத்தான். தூங்க வழியில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிரசங்கத்தை முழுசாகக் கேட்டார். சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் பேராயர் மேடையிலிருந்து இறங்கி, செருப்புகள்வரை நடந்து வந்து, தவசியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தலை வணங்கினார். மேடைமேல் மாசிலாமணியின் கோல் ஆடியது.

ஆராதனை முடிந்ததும் ஆயர் அறிமுகத்தைத் தொடங்கினார். எட்டாவது பதவியில் பேராயர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதோ இருக்கிறவர் யார்?"

"அவர் ஒன்றும் இல்லை, அய்யா," என்றார் ஆயர். "பதவி எதுவும் இல்லை."

"அவர்தான் சபையார்," என்றார் பேராயர். கண்கள் பனித்திருந்தன. "நான் போகிற இடமெல்லாம் சபையார் நூறு பேர், இருநூறு பேராக இருந்துகொண்டு தொந்தரவு கொடுக்கிறார்கள். மனு எழுதுகிறார்கள், கேள்வி கேட்கிறார்கள். இங்கே ஒரே ஒருவர். ஒரே குரல். சரியான இடத்தில் சரியான பதில். வேதமாணிக்கம், இது முன்மாதிரிச் சேகரம். எல்லா இடத்துக்கும் எழுதப்போகிறேன். சபையாரோடு எனக்கு ஒரு போட்டோ வேண்டும்."

ஸ்டூடியோக்காரர் கேமரா முக்காலியை நட்டார். ஐம்பத்தாறு பதவிகளும் பேராயரின் இரண்டு பக்கமும் வந்து அடைத்தார்கள். "சபையார் மட்டும்," என்றார் பேராயர். எல்லாரும் விலகி வெயிலில் நின்றார்கள். மாசிலாமணி விலகும்போது கோலைப் படத்துக்குள் கொஞ்சம் நீட்டிப் பார்த்தார். ஸ்டூடியோக்காரர் தள்ளச் சொல்லிவிட்டார். படம் கடைத்தெரு ஸ்டூடியோ கண்ணாடிப் பெட்டியில் ஒரு மாதம் தொங்கியது. கீழே எழுதியிருந்தது: பேராயரும் சபையாரும்.

கமிட்டி அவசரமாகக் கூடியது. மேஜைமேல் ஐம்பத்தாறு ராஜினாமாக் கடிதங்கள் கிடந்தன. எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: எனக்குச் சபையாராக இருக்க அழைப்பு உண்டாயிருக்கிறது.

"சபையார் என்பது பதவி இல்லையே," என்றார் ஆயர் பரிதாபமாக.

"அப்ப ஏன் போட்டோ புடிச்சாக?" என்று பின்னாலிருந்து இடது ஜன்னல் கேட்டது.

வாத்தியார் கோலைத் தட்டினார். விதி விதிதான் என்றார். நேவில் பெஞ்சு ஒன்றுதான் இருக்கிறது. ஆகவே விண்ணப்பம் வேண்டும். விண்ணப்பத்தில் சம்பந்தப்பட்டவரின் கையெழுத்து வேண்டும். இந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டவர், சபையார். இது பெருமைக்காக அல்ல, ஒழுங்குக்காக.

அடுத்த நாள் சாயங்காலம் மாசிலாமணி வந்தார். கோல் இல்லை, அங்கி இல்லை. சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் விளிம்பு காட்டியது. தவசி வாசலில் முறத்தோடு உட்கார்ந்து வீட்டுக்கு வாங்கிய துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்கண்ணே. எதும் சோலியா?"

"சோலியெல்லாம் இல்ல தம்பி. சும்மாத்தான்." மாசிலாமணி சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டார். "அந்தப் பெஞ்சு நல்ல நீளம். நாம முந்தி உக்காந்த பெஞ்சுதான அது."

"அதேதான்."

"ரெண்டு பேரு தாராளமா உக்காரலாம்."

தவசி ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பார்த்து எறிந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கட்டும் என்று காத்திருந்தார். மாசிலாமணி வானத்தைப் பார்த்தார்.

"மழை வரும்போல," என்றார்.

"பேனாவுல மை வத்திருச்சுண்ணே," என்றார் தவசி அன்பாக. "நனையாம வெரசாப் போயிச் சேருங்க."

உள்ளே கேட்டுக்கொண்டிருந்த கருத்தம்மாள், அவர் போனதும் வந்து நின்றாள். "மச்சான விடுங்க. நான் வந்து அந்தப் பக்கத்து ஓரத்துல உக்காந்துக்கிறேன். செம்ப வீட்டுக்குத் திருப்பிக் கொண்டாந்துட்டேன்."

"விண்ணப்பம் எழுதிட்டியா?"

"ராத்திரிக் கஞ்சிக்கு நீங்க ஒண்ணு எழுதி வையுங்க. ஆரு கையெழுத்து போடுறான்னு பாப்போம்," என்று முறத்தைப் பிடுங்கிக்கொண்டு போனாள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிப்பதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே தவசி ஆலயத்துக்குப் போய்விட்டார். கஞ்சி குடித்திருக்கவில்லை. நார்த்தெக்ஸில் செருப்பைக் கழற்றினார். தேவாரம் பஸ்சில் ஜன்னல் வழியாக இடம் பிடிப்பதுபோல, பெஞ்சின் இந்தக் கோடியில் ஒரு துண்டும் அந்தக் கோடியில் ஒரு துண்டும் போட்டார். நட்டநடுவில், முழங்கால்கள் இரண்டையும் அகட்டிவைத்து உட்கார்ந்தார்.

ஒவ்வொருவராக வந்தார்கள். துண்டுகளைப் பார்த்தார்கள். மேடை ஏறினார்கள். பிரசங்கம் தொடங்கியது. தவசிக்குக் கண் சொக்கியது. பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் சாயப்போனார். அங்கே துண்டுதான் இருந்தது. சட்டென்று நிமிர்ந்து, யாராவது அந்த இடத்தைப் பார்த்துவிட்டார்களா என்று பார்த்தார்.

மாசிலாமணி பார்த்துக்கொண்டிருந்தார். தவசி துண்டைக் கொஞ்சம் அகலமாக விரித்துவிட்டார்.